வேலுமணி சாரின் ஜோடிக் கார்ப்பரேட்டர்

வேலுமணி சாரை ராஜாங்கம் முதன்முதலில் பார்த்தபோது அவருடைய கால்களைத்தான் பார்த்தான். முகத்தைப் பார்க்கக் கால்மணி நேரம் ஆயிற்று. 1979 ஆவணி மாசம். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஆபீசர் குவார்ட்டர்ஸ் ஒன்றின் பின்பக்கத் தகரக் கொட்டகை. அங்கே சிவப்புத் தவளை மாதிரி குந்தியிருந்த ஒரு காரின் அடியிலிருந்து அந்தக் கால்கள் நீண்டிருந்தன. ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றதில் இல்லை.

ராஜாங்கம் விருத்தாசலம் காலேஜில் பி.எஸ்ஸி. பௌதிகம் முதல் வகுப்பில் தேறியவன். சேத்தியாத்தோப்புக்குத் தெற்கே அவன் பிறந்த தெருவில் அவனுக்கு முன்னால் ஒருவரும் எட்டாவதைத் தாண்டியதில்லை. அதைச் சொல்ல அவனுக்குக் கூச்சம் கிடையாது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

"சார், கான்ட்ராக்டர் நல்லசாமி அனுப்பினாருங்க. ஆட்டோ யார்டுல கிளார்க் வேலைக்கு."

"என்ன படிச்சிருக்கறே?" காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ்ங்க. ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"இங்கிலீஷ்ல லெட்டர் எழுதுவியா?"

"எழுதுவேங்க."

"அப்ப அந்த ஸ்பேனரை எடு."

இங்கிலீஷுக்கும் ஸ்பேனருக்கும் என்ன சம்பந்தம் என்பது ராஜாங்கத்துக்கு அன்று விளங்கவில்லை. அவருக்குக் கீழே கொஞ்ச நாள் இருந்த பிறகுதான் விளங்கிற்று.

வேலுமணி கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். டிப்ளமோ படித்து, மேற்பார்வையாளராக வந்து, சீனியாரிட்டி தள்ளத் தள்ள ஆட்டோ யார்டுக்கு உதவி இன்ஜினியர் ஆனவர். மைன்ஸில் ஓடும் ஜீப், லாரி, டிப்பர் எல்லாம் அவருடைய பொறுப்பு. அவற்றில் எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று அவரைக் கேட்டால் தெரியாது. தன் சிவப்புக் காரைப் பற்றிக் கேட்டால் மட்டும் மூச்சு விடாமல் சொல்லுவார். 1951ஆம் வருஷத்து எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது, இரண்டு பேருக்குத்தான் இடம். சுரங்கம் தோண்ட ஆரம்பித்த காலத்தில் இங்கே இருந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. நாலு கை மாறி இவரிடம் வந்து சேர்ந்திருந்தது.

"எங்கூட்டுக்காரருக்கு என் பேரு மறந்தாலும் மறக்குமுங்க, அந்தக் காரு நெம்பரு மறக்காது" என்று அவர் மனைவி தமயந்தி அம்மாள், காப்பி கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் சொல்லுவார். அவர் சிரிக்காமல்தான் சொல்லுவார்.

கார் ஓடும். அதில்தான் வேலுமணி சாருக்கு வருத்தம். ஓடாத காராக இருந்திருந்தால் எதையாவது போட்டு ஓட்டினால் போதும் என்று இருந்திருப்பார். நடுவில் வைத்திருந்த யாரோ ஒருவர் எஞ்சினுக்குப் பெட்ரோலும் காற்றும் கலந்து ஊட்டக் காரோடு பிறந்த இரட்டைக் கார்ப்பரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு அம்பாசிடர் கார்ப்பரேட்டரை வளைந்த குழாயில் பற்றவைத்து மாட்டியிருந்தார். பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் வேலுமணி சார் முகத்தைத் திருப்பிக்கொள்வார், மருமகள் தாலியில் கவரிங்கைப் பார்த்த மாமியார் மாதிரி.

"ஒரிஜினல் இல்லையப்பா" என்பார். "ஒண்ணேகால் இஞ்ச் எஸ்.யூ. கார்ப்பரேட்டர் ரெண்டு. அதுக ரெண்டையும் எஞ்சினோட சேக்கற அலுமினிய மேனிஃபோல்டு ஒண்ணு. அம்பத்தொண்ணாம் வருசத்துதுதான் வேணும். அந்தக் காலத்துக்கு அந்தக் காலத்துச் சாமான். இல்லாட்டி அது காரில்லை, கட்டைவண்டி."

அதற்குத்தான் இங்கிலீஷ். மைன்ஸ் லாரிகளின் பழுதுப் பட்டியல் மேஜையில் மலையாகக் குவிந்து கிடக்க, ஃபர்ஸ்ட் கிளாஸ் பட்டதாரி ராஜாங்கம் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் கார்ப்பரேட்டர் கேட்டு லெட்டர் எழுதிக்கொண்டிருந்தான். ஒருமுறை பம்பாய் வியாபாரி ஒருவர் நல்ல ஜோடி ஒன்று இருப்பதாகப் பதில் போட்டார். வேலுமணி சார் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு படித்தார். 1955ஆம் வருஷத்துக் காரில் இருந்து எடுத்ததாம், அளவும் ஒன்றரை இஞ்சாம்.

"நாலு வருசம் பிந்தினது. ஆகாது. அவனுக்கு எழுதிப் போடு, நாங்க அப்படிப்பட்ட ஆளுக இல்லைன்னு."

பள்ளிக்கூடச் சான்றிதழில் தன் பிறந்த தேதியை இரண்டு வருஷம் தள்ளிப் போட்டு வேலைக்குச் சேர்ந்தவர் அவர். அதை அவரே ஒருநாள் காப்பி குடிக்கும்போது பெருமையாகச் சொல்லியிருந்தார். மனுஷனுக்கு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம், கார்ப்பரேட்டருக்கு இருக்கக் கூடாது. ராஜாங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினான்.

இந்தக் கூத்தில் சிக்கிய இன்னொரு ஆள் கலியன்.

யார்டில் கான்ட்ராக்ட் மெக்கானிக். மைன்ஸ் விழுங்கிய ஊர்களில் ஒன்று அவனுடையது. நிலம் இருந்தவர்களுக்குக் காசு கிடைத்தது, சிலருக்கு வேலையும் கிடைத்தது. அந்த நிலத்தில் நாற்று நட்ட கலியனின் அப்பாவுக்கு நிலமும் இல்லை, காகிதமும் இல்லை, அதனால் ஒன்றும் இல்லை. கலியன் எட்டு வருஷமாகக் கான்ட்ராக்டில் இருந்தான். அவனுக்கு முப்பத்தெட்டு வயது. நாற்பது ஆகிவிட்டால் பர்மனென்ட் பட்டியலில் பெயர் ஏறாது. ஏறினால் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி கார்டு, இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் டவுன்ஷிப் பள்ளிக்கூடம்.

அந்தப் பட்டியலுக்கு யார்டிலிருந்து பெயர் அனுப்புகிறவர் வேலுமணி சார்.

1981 சித்திரையில், மெக்கானிக்குகளில் இரண்டு பேரைப் பர்மனென்ட் ஆக்கப் பெயர் அனுப்பும்படி மேலிடத்திலிருந்து தாள் வந்தது. ஐப்பசிக்குள் அனுப்ப வேண்டும். வேலுமணி சார் கலியனைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். ராஜாங்கமும் அங்கே இருந்தான்.

"கலியா, அந்த ஜோடியை மட்டும் நீ கண்டுபுடிச்சுக் கொண்டா. லிஸ்ட்ல மொதல் பேரு உன்ற பேரு."

"நெசமாவா சார்?"

"நான் எப்பவாச்சும் பொய் சொல்லிப் பாத்திருக்கறியா?"

கலியன் கையெடுத்துக் கும்பிட்டான். வெளியே வந்ததும் ராஜாங்கம் அவனைப் பிடித்துக்கொண்டான்.

"ஏண்ணே, எட்டு வருசம் லாரிக்கு அடியில படுத்துக் கெடந்த. அதுக்குத் தராத வேலைய, ஒரு பொம்மைக் காருக்குச் சாமான் கொண்டாந்தா தருவாராமா? அதையும் நம்பிகினு கும்புடுறியே."

"உனக்கு இன்னா தம்பி, படிச்சவன். எனக்கு இதான் வழி. தேடிப் பாக்குறேன்."

"கும்புடாம தேடேன்."

"கும்புட்டாதான் தேடச் சொல்லுவாங்க" என்றான் கலியன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ராஜாங்கத்துக்கு அவன் கன்னத்தில் அறையலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கலியன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வடலூர், விருத்தாசலம், கடலூர், ஒரு தடவை பாண்டிச்சேரி வரைக்கும் பஸ்ஸில். பழைய இரும்புக் கடை ஒன்றையும் விடவில்லை. லண்டனில் இருந்து ஒரு கம்பெனிக்காரர் பதில் போட்டிருந்தார். தன்னிடம் சாமான் இல்லை, ஆனால் சரியான ஜோடியின் மிதவைக் கிண்ணத்து மூடியில் ஒரு பித்தளைத் தகடு இருக்கும், அதில் இன்ன நம்பர் அடித்திருக்கும் என்று எழுதியிருந்தார். அந்த நம்பரைக் கலியன் பீடிக்கட்டுத் தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான்.

ஆனி மாசக் கடைசியில் பண்ருட்டியில் கிடைத்தது. முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகைக்குப் பின்னால் சாமியம்மாள் என்ற விதவை நடத்திய பழைய இரும்புக் கடை. நம்பரைச் சரிபார்க்க ராஜாங்கத்தையும் கலியன் அழைத்துப் போனான். பலாப்பழச் சந்தை நாள். ஊரே மணந்துகொண்டிருந்தது.

"இன்னா கலியா, பேண்ட்டு போட்ட ஆளக் கூட்டியாந்துருக்க. இரும்புக்குப் பொண்ணு பாக்க வந்தியா?" என்றாள் சாமியம்மாள்.

"மாப்ள பெரிய எடம் ஆயா. நம்பர் பாத்துட்டுத்தான் பேசணும்."

"யாரப் பாத்துடா ஆயான்னே? எனக்கு அம்பதே ஆவல. வெல கூட நூறு ரூவா ஏறிச்சி போ."

மூலையில் சாக்குமூட்டைகள் மேல் தார்ப்பாய் பறக்காமல் இருக்க வைத்திருந்த பாரத்தைக் கலியன் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான். அலுமினிய மேனிஃபோல்டு ஒன்று, அதில் மாட்டியபடியே இரண்டு கார்ப்பரேட்டர்கள். பாண்டிச்சேரியில் யாரோ உடைத்து விற்ற காரிலிருந்து வந்தது என்றாள். அழுக்கைச் சுரண்டியதும் தகடு தெரிந்தது. ராஜாங்கம் குனிந்து படித்தான். நம்பர் சரியாக இருந்தது. கலியன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அய்ய, இவன் இன்னா தாலி கட்டிட்ட மாதிரி குந்திகினான்" என்றாள் சாமியம்மாள். ஏற்றிய நூறைப் பிறகு அவளே இறக்கிவிட்டாள்.

பஸ்ஸில் வரும்போது கலியன் மடியில் வைத்து ஒன்றைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு பிஸ்டன். மேலே கோயில் மணியைக் கவிழ்த்தது போல ஒரு மூடி. இரண்டுக்கும் நடுவில் மயிரிழைதான் இடைவெளி. எஞ்சின் காற்றை இழுக்கிற இழுப்பில் பிஸ்டன் மேலே ஏறும், அதற்குத் தகுந்தபடி பெட்ரோல் விழும். அந்த மயிரிழை இல்லையென்றால் கணக்கே இல்லை.

"ரவிக்கை தைக்கிற மாதிரி தம்பி. இந்த மூடிக்கி இந்தப் பிஸ்டனுன்னு அளவெடுத்துச் செஞ்சது. மாத்திப் போட்டா சேராது. உள்ள உப்புத்தாளு படவே கூடாது. பெட்ரோலு ஊத்திக் கழுவித் துணியால ஒத்தி எடுக்கணும், அவ்ளோதான்."

மூன்றாவது வரைக்கும் படித்தவன் பௌதிகப் பட்டதாரிக்குச் சொல்கிறான், சரியாகவும் சொல்கிறான். ராஜாங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வேலுமணி சார் அந்த ஜோடியைப் பார்த்துக் கண் கலங்கினார். கலியன் ஒரு வாரம் உட்கார்ந்து பூட்டினான். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்ப்பரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டும் ஒரே மாதிரி சீறுகிறதா என்று கேட்டுக் கேட்டுத் திருகினான். கார் பூனை மாதிரி உறுமியது. "பாத்தியா, என்ற காரை!" என்றார் வேலுமணி சார். கண்டுபிடித்தது எப்படி என்று கேட்டவர்களிடம் தான் லண்டனுக்கு எழுதிக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். கலியனைத் தனியாக ஒருநாள் தட்டிக்கொடுத்து, "ஆயுத பூசை போகட்டும், லிஸ்ட்டை அனுப்பிடலாம்" என்றார்.

ஆயுத பூசைக்கு யார்டில் சுத்தியல் முதல் டிப்பர் லாரி வரை கழுவித் துடைத்துச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பொரி கடலை படைப்பார்கள். மைன்ஸில் எங்கும் உள்ள வழக்கம்தான். அந்த வருஷம் ஜி.எம். யார்டுக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. அவர் இங்கிலாந்தில் படித்தவர். படிக்கும்போது அதே மாதிரி காரில் சுற்றியவராம், ஒரு ரவுண்டு போகலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வேலுமணி சாருக்கு அன்றிலிருந்து தரையில் கால் பாவவில்லை. பதவி உயர்வு காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு வருவதாகவே அவருக்குத் தோன்றியது.

பூசையன்று காலையில் பூசணிக்காயும் வாழைக்கன்றும் வாங்கிவரக் கலியனைப் பண்ருட்டிக்கு அனுப்பினார். வேறு ஆளே இல்லையா என்றால், இருந்தார்கள். அந்த நேரத்தில் யார்டுக்குள் போன ராஜாங்கம் கண்டது இதுதான். வேலுமணி சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கார்ப்பரேட்டரும் பிரிந்து கிடந்தன. பிஸ்டன்களை எமரி உப்புத்தாளால் தேய்த்து முடித்துவிட்டு, மூடிகளின் உட்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி, புளி மட்டும்தான் இல்லை.

"சார், உள்ளே தேய்க்கலாமுங்களா?"

"பூசைச் சாமான் பளபளன்னு இருக்கோணும். ஜி.எம். பானெட்டைத் தொறந்தா முகம் தெரியோணும். எனக்குச் சொல்லித் தர்றியாக்கும்?"

அதற்கு மேல் ராஜாங்கம் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். கலியன் பஸ்ஸில் சொன்னது வார்த்தை மாறாமல் அவனுக்கு நினைவிருந்தது. ஆனால் இந்த மனுஷனுக்கு அறிவு சொல்வதைவிட, இவன் அவமானப்படுவதைப் பார்ப்பது மேல் என்று தோன்றியது. அந்த அவமானம் யார் தலையில் வந்து விழும் என்று அவன் யோசிக்கவில்லை. வேலுமணி சார் எந்தப் பிஸ்டனை எந்த மூடியில் போடுகிறோம் என்றும் பார்க்காமல் மாட்டி முடித்தார். இரண்டு மூடியின் தலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம்.

பதினோரு மணிக்குக் கலியன் திரும்பினான். பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டுப் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டுப் பார்த்தான். மெல்ல இறங்க வேண்டிய பிஸ்டன்களில் ஒன்று கல் மாதிரி தொபீரென்று விழுந்தது. மற்றது பாதியில் சிக்கி நின்றது.

"யாரு தம்பி இத்தத் தேய்ச்சது?"

"சாமி" என்று ராஜாங்கம் வேலுமணி சார் பக்கம் மோவாயைக் காட்டினான்.

கலியன் வேலுமணி சாரிடம் ஓடினான். "சார், இன்னைக்கி வண்டி எடுக்க வேணாம் சார். நாலு நாளு குடுங்க, பழைய அம்பாசிடரையே மாட்டிக் குடுக்குறேன்."

"அபசகுனமாப் பேசாத. போடா அக்கட்டால."

ஜி.எம். வந்தார். கற்பூரம் காட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஜி.எம். ஓட்ட, வேலுமணி சார் பக்கத்தில் புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொண்டார். கலியனும் ராஜாங்கமும் பின்னால் ஜீப்பில் போனார்கள். மெயின் பஜார் வளைவு வரைக்கும்தான். கார் இருமியது, கறுப்பாகப் புகை கக்கியது, இரண்டு குதி குதித்து நின்றது. புதுச்சட்டை போட்டுக் கடைத்தெருவுக்கு வந்திருந்த ஜனம் அத்தனையும் கூடிவிட்டது.

"தள்ளிவுடுங்கப்பா, ஆபீசருங்க பெட்ரோலு இல்லாம வந்துட்டாங்க!" என்று யாரோ ஒருவன் கத்தினான்.

ஜி.எம். இறங்கி, பானெட்டைத் திறந்து, குங்குமம் வைத்த மூடியைத் தானே கழற்றினார். பிஸ்டனை வெயிலில் திருப்பிப் பார்த்தார். வேலுமணி சார் ஆசைப்பட்டபடியே அதில் அவர் முகம் தெரிந்திருக்கும்.

"எந்த முட்டாள் இதை எமரி போட்டுத் தேய்ச்சான்?"

வேலுமணி சார் வியர்த்துக்கொண்டே தலையைத் திருப்பிக் கலியனைப் பார்த்தார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் செய்யவில்லை. ராஜாங்கம் ஓர் அடி முன்னால் வைத்தான். அதற்குள் கலியன் முந்திக்கொண்டான்.

"நான்தான் சார். பூசைக்கின்னு தெரியாமத் தேய்ச்சிட்டேன்."

"எத்தனை வருஷ சர்வீஸ் உனக்கு?"

"எட்டு வருசம் சார். கான்ட்ராக்ட்டு."

"எட்டு வருஷத்தில் இதுதான் கத்துக்கிட்டியா?" பிஸ்டனை அவன் கையில் போட்டுவிட்டு ஜி.எம். ஜீப்பில் ஏறிப் போனார்.

காரைத் தள்ளிக்கொண்டு வரும்போது ராஜாங்கம் கேட்டான். "ஏண்ணே இப்படிப் பண்ணே? நான் சொல்லியிருப்பேனே."

"சும்மா இரு தம்பி. ஆபீசரு மானத்தக் காப்பாத்தியிருக்கேன். அந்த நன்றிக்காவது எம் பேர எழுதாம இருப்பாரா?"

நன்றி. வேலுமணி சாரிடம். இந்த ஆளை என்ன செய்வது என்று ராஜாங்கத்துக்குத் தெரியவில்லை. காரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தள்ளுகிறவர்களை அதட்டிக்கொண்டு வேலுமணி சார் உள்ளே உட்கார்ந்திருந்தார். இறங்கித் தள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

விஜயதசமி கழிந்த நாலாம் நாள் பட்டியலை டைப் அடிக்கச் சொல்லித் துண்டுத்தாளில் இரண்டு பெயர் எழுதிக் கொடுத்தார். பாவாடை, சின்னதுரை. இரண்டு பேரும் கலியனுக்கு அப்புறம் சேர்ந்தவர்கள்.

"சார், கலியன் பேரு?"

"எப்படியப்பா போடறது? ஜி.எம். முன்னாடி அவனே ஒத்துக்கிட்டானல்லோ, கெடுத்தது நான்தான்னு. அதுக்கப்பறம் அவனை நான் சிபாரிசு பண்ணினா என்னைப் பத்தி என்ன நெனப்பாரு?"

"தேய்ச்சது நீங்கதானுங்களே சார்."

வேலுமணி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்பட்டிருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை.

"அது ஊட்டு விசயம். இது ஆபீஸ் விசயம். நீ படிச்சவன், உனக்குத் தெரியாதா?"

ராஜாங்கம் அந்தத் தாளை டைப் அடிக்கவில்லை. மேஜைச் சாவியை அவர் முன்னால் வைத்துவிட்டு வெளியே வந்தான். பட்டியல் வேறு ஒருவன் அடித்து மறுநாள் போய்விட்டது. பிறகு ராஜாங்கம் மேலிடத்துக்கு நடந்ததை எழுதி இரண்டு மனுப் போட்டான், நல்ல இங்கிலீஷில். பதில் வரவில்லை. தொழிலாளி தானே ஒப்புக்கொண்ட தவறு என்று ஃபைலில் குறித்திருப்பதாக, அங்கே வேலை பார்த்த தெரிந்தவர் ஒருவர் சொன்னார்.

கலியனிடம் அவன்தான் போய்ச் சொன்னான். கலியன் வீட்டு வாசலில் சைக்கிள் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி ருக்குமணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அடுத்த லிஸ்ட்டுல போடுவாரா தம்பி?" என்று கேட்டான் கலியன்.

"அடுத்த லிஸ்ட்டு வர்றதுக்குள்ள உனக்கு நாப்பது தாண்டிடும்ணே."

"ஆமாமில்ல" என்றான். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தான்.

"அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே நீயி" என்றாள் ருக்குமணி. அவள் புருஷனைப் பார்த்துச் சொன்னாளா, ராஜாங்கத்தைப் பார்த்துச் சொன்னாளா என்று தெரியவில்லை.

இது 1988. வேலுமணி சாருக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது, இப்போது பெரிய குவார்ட்டர்ஸில் இருக்கிறார். கார் பழைய அம்பாசிடர் கார்ப்பரேட்டரில் ஓடுகிறது. ராஜாங்கம் பரீட்சை எழுதி, சேத்தியாத்தோப்பில் ஒரு பேங்கில் கிளார்க்காக இருக்கிறான். கலியன் நாற்பது வயதில் கான்ட்ராக்டிலிருந்தும் நின்றுவிட்டான். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாரிப் பட்டறையில் தினக்கூலிக்கு வேலை செய்கிறான்.